எலிபெண்டா லாஞ்சில் டீசலுக்குப் பதில் மோட்டார்: கணக்கும் சேறும்

கேள்வி (மாட்டுங்கா வாசகி ஒருவர்): ஊரிலிருந்து வந்த அக்கா குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு மும்பை கேட்வேயிலிருந்து லாஞ்ச் படகில் எலிபெண்டா குகைத் தீவுக்குப் போனோம். கீழ்த்தளத்தில் டீசல் புகை, மேல்தளத்துக்குப் பத்து ரூபாய் கூடுதல். அதைக் கொடுத்து மேலே ஏறினாலும் இஞ்சின் சத்தத்தில் பேச முடியவில்லை. பஸ்ஸும் ரிக்‌ஷாவும் பேட்டரிக்கு மாறி வருகின்றன. படகுக்கு மட்டும் ஏன் மாறக்கூடாது? மோட்டாரில் வேலை செய்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஜனவரி 12, 2025, இரவு 10.50

குர்லாவில் 26 வருஷமாக மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். படகு பற்றித் தெரியாது, மோட்டார் பற்றித் தெரியும். மோட்டார் ஒரு பிரச்சினையே இல்லை. மின்சாரக் காரில் வரும் வகை என்றால் நூறு குதிரைத்திறன் மோட்டாரை இரண்டு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம். நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்கு விசை கொடுக்கும், கியர் கூடத் தேவையில்லை.

பிரச்சினை சாப்பாட்டில். ஒரு கிலோ டீசலுக்குள் சுமார் 12 யூனிட் ஆற்றல் இருக்கிறது. ஒரு கிலோ பேட்டரியில், பெட்டி எல்லாம் சேர்த்தால், 0.15 யூனிட். எண்பது மடங்கு வித்தியாசம். ஒரு டேங்க் டீசலுக்குப் பதில் பேட்டரி ஏற்றினால் பயணிகளை நீந்தித்தான் வரச் சொல்ல வேண்டும். மறந்துவிடுங்கள் அம்மா.

ஜனவரி 13, காலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதியது. எண்பது மடங்கு என்பது பாதி உண்மை. டீசல் இஞ்சின் தான் தின்பதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தண்டுக்குத் தருகிறது. மிச்சம் புகையாகவும் சூடாகவும் போகிறது. மோட்டார் பத்தில் ஒன்பது பங்கைத் தரும். இதைச் சேர்த்தால் வித்தியாசம் முப்பது மடங்குக்கு இறங்குகிறது.

இன்னொன்றையும் மறந்துவிட்டேன். இஞ்சின், கியர்பாக்ஸ், டேங்க், சைலன்சர் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டால் படகில் எத்தனை கிலோ குறையும்? அந்த எடையைப் பேட்டரிக்குத் தரலாமே. ஆக, ‘மறந்துவிடுங்கள்’ என்றதை வாபஸ் வாங்குகிறேன். பதில் இப்போதைக்குத் தெரியாது.

ஜனவரி 19, ஞாயிறு இரவு

இதற்காகவே இன்று எலிபெண்டா போய் வந்தேன். குகையைப் பார்க்கவில்லை, வீட்டில் திட்டு.

இஞ்சின் மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள், சூடு தாங்காமல். உள்ளே டிரைவர் ஒருவர் பனியனோடு உட்கார்ந்திருந்தார். மேலே சுக்கான் பிடிப்பவர் கயிற்றை இழுத்தால் கீழே மணி அடிக்கும். மணி ஒரு முறை அடித்தால் ஒன்று, இரண்டு முறை அடித்தால் இன்னொன்று என்று டிரைவர் கியரை மாற்றுவார். இங்கே படகுத் தலைவரைத் தாண்டேல் என்கிறார்கள். தூத்துக்குடித் தோணியில் தண்டல் என்போமே, அதே சொல்தான். தண்டலிடம் நம் யோசனையைச் சொன்னேன். “மோட்டார் போட்டால் இவன் எங்கே போவான்?” என்று கீழே கைகாட்டினார். என்னிடம் பதில் இல்லை.

கணக்குக்கு வருகிறேன். கேட்வேயிலிருந்து தீவுக்குப் பதினோரு கிலோமீட்டர். என் கைக்கடிகாரத்தில் 58 நிமிஷம். அதாவது ஆறு நாட் வேகம் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்), சைக்கிள் வேகத்துக்கும் கீழே. இந்த வேகத்தில் இந்த அளவுப் படகைத் தள்ள முப்பது கிலோவாட் தாராளம் என்று நினைக்கிறேன். இஞ்சின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் முக்கால்வாசி நேரம் அது அரைத் தூக்கத்தில்தான் ஓடுகிறது.

ஒரு வழிக்கு முப்பது யூனிட், போய்வர அறுபது. கொஞ்சம் கையிருப்போடு நூறு யூனிட் பேட்டரி என்று வைத்துக்கொண்டால், பேட்டரி மட்டும் முக்கால் டன்னுக்குக் கீழே, தாங்கும் சட்டமும் வயரும் சேர்த்துத் தாராளமாக ஒரு டன். பதினைந்து பயணிகளின் எடை. அதில் பாதிக்கு மேல் கழற்றிய இஞ்சினும் டேங்கும் ஈடுகட்டிவிடும்.

பணக் கணக்கு: டீசலில் ஒரு வழிக்கு ஒன்பது லிட்டர், போய்வரப் பதினெட்டு. லிட்டர் 90 ரூபாய் என்றால் 1,620. கரண்ட் யூனிட் பத்து ரூபாய் என்று வைத்து, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் 660. ஒரு நடைக்கு ஆயிரம் ரூபாய் மிச்சம். நான் நினைத்ததைவிட நன்றாகவே இருக்கிறது.

கேள்வி கேட்ட அம்மாவுக்கு ஒரு வார்த்தை: மேல்தளத்துப் பத்து ரூபாய் மோட்டார் வந்தாலும் போகாது.

ஜனவரி 20

“அப்படியானால் அக்கரை மாண்ட்வாவுக்குப் போகும் ஸ்பீட்போட்டும் மாறலாமே” என்று செம்பூர் தம்பி எழுதியிருக்கிறார். இல்லை தம்பி, அது வேறு ஜாதி.

மெதுவாகப் போகும் படகு தண்ணீரைப் பிளந்துகொண்டு போகிறது. வேகத்தை இரட்டிப்பாக்க இரண்டு மடங்கு சக்தி போதாது, சுமார் எட்டு மடங்கு வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் படகு தானே எழுப்பிய அலையின் முதுகில் ஏற முடியாமல் அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, தூக்கிக்கொண்டு திணறும். ஸ்பீட்போட்டின் வேலையே அந்த மேட்டைத் தாண்டித் தண்ணீர் மேல் வழுக்குவதுதான். தாண்ட எடை குறைவாக இருக்க வேண்டும். பேட்டரியோ எடையே உருவானது.

கேட்வே–மாண்ட்வா நேர்கோட்டில் பதின்மூன்று, பதினான்கு கிலோமீட்டர். 25 நாட்டில் பதினெட்டு நிமிஷம். அந்நேரம் முழுக்க நூற்றைம்பது கிலோவாட் தின்றால் 45 யூனிட்.

எழுதிவிட்டு நானே முழிக்கிறேன். 45 யூனிட் அப்படியொன்றும் மலை இல்லையே? இரண்டு மின்சாரக் கார்களின் பேட்டரியில் அடங்குகிறது. சரி, நாளை பார்ப்போம்.

ஜனவரி 22

பார்த்தேன். போய்வரத் தொண்ணூறு, கையிருப்போடு 130 யூனிட். ஒரு டன்னுக்கு மேல். மொத்தமே இரண்டரை டன் இருக்கும் படகில் இன்னொரு டன் ஏற்றினால் நூற்றைம்பது கிலோவாட் போதாது, இருநூறு வேண்டும். இருநூறுக்கு இன்னும் பேட்டரி. அதைத் தூக்க இன்னும் சக்தி. கடனை அடைக்கக் கடன் வாங்கும் கதை.

இதிலிருந்து தப்பிக்க ஸ்வீடன்காரர்கள் படகையே தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டார்கள். அடியில் விமான இறக்கை மாதிரி ஒன்று. கேண்டலா பி-12 என்று பெயர், முப்பது பயணிகள், 25 நாட். 2024-இல் ஸ்டாக்ஹோமில் ஓட ஆரம்பித்தது. உடம்பு தண்ணீரில் உரசாததால் தேவையான சக்தி வெகுவாகக் குறைகிறது. நம் கேட்வே தண்ணீரில் பால் கவர், செருப்பு, தேங்காய், பூமாலை எல்லாம் மிதக்கின்றன. அந்த இறக்கையில் கணபதி விசர்ஜனத்துக்கு மறுநாள் என்னென்ன மாட்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிப்ரவரி 2

“கேரளாவில் ஓடுகிறதே, இங்கே ஏன் அளந்துகொண்டிருக்கிறீர்கள்” என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நியாயம்தான். வைக்கம்–தவணக்கடவு இடையே ‘ஆதித்யா’ 2017 ஜனவரியிலிருந்து ஓடுகிறது. 75 பேர், கூரையில் 20 கிலோவாட் சூரியத் தகடு, இருபது கிலோவாட் மோட்டார் இரண்டு, பேட்டரி வெறும் 50 யூனிட். கொச்சி வாட்டர் மெட்ரோ 2023 ஏப்ரலில் வந்தது, நூறு பேர் ஏறும் படகு. நான் லாஞ்சுக்குப் போட்ட முப்பது கிலோவாட் கணக்கு ஆதித்யாவைப் பார்த்துத் தைரியம் வந்து போட்டதுதான், ஒளிப்பானேன்.

ஆனால் ஆதித்யா இரட்டை உடல் படகு. ஒல்லியானது, லேசானது. ஓடுவது காயலில். நம் லாஞ்ச் கனத்த மரம், துறைமுகத்துக்குள் கப்பல் அலையும் தென்மேற்குக் காற்றும் உண்டு. பழைய லாஞ்சில் மோட்டாரைச் செருகுவதைவிட அந்த மாதிரிப் படகைப் புதிதாகக் கட்டுவதுதான் அர்த்தம். ஜனவரி 19 கணக்கை அப்படித் திருத்திப் படிக்கவும்.

பேட்டரிக்கு எனக்குச் சொன்ன விலை யூனிட்டுக்கு இருபதாயிரத்துக்கு மேல். நூறு யூனிட்டுக்கு இருபது லட்சம். நடைக்கு ஆயிரம் மிச்சம், நாளைக்கு இரண்டு நடை, திங்கட்கிழமை குகை லீவு, மழைக்காலத்தில் பாதி நாள் கடல் லீவு. நாலைந்து வருஷத்தில் போட்ட பணம் வரும், எதுவும் கெட்டுப்போகாமல் இருந்தால்.

சார்ஜ் எங்கே போடுவது? தீவுக்குக் கரண்டே 2018-இல்தான் கடலுக்கு அடியில் கேபிள் போட்டு வந்தது. அது கிராமத்து விளக்குக்கு வந்தது, படகுக்கு அல்ல. கேட்வே பக்கம் கரண்டுக்குப் பஞ்சமில்லை, கட்டுவதற்கு இடத்துக்குத்தான் பஞ்சம். லாஞ்சுகள் ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. நாம் ஏறுவது மூன்றாவது படகைத் தாண்டி நாலாவதில். பம்பாயில் பெரிய ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே தண்ணீர் நாலு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். படிக்கட்டு ஓரத்தில் பிளக்கை வைத்தால் காலையில் அது தலைக்கு மேலே, மதியம் தண்ணீருக்குள். மிதக்கும் ஜெட்டி இல்லாமல் ஒன்றும் நடக்காது. மோட்டார்காரன் நான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 3

ஒரு துணுக்கு. படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு என்றால் பெட்ரோல்தான் நினைவுக்கு வரும். ஆனால் குஸ்தாவ் த்ரூவே என்ற பிரெஞ்சுக்காரர் 1881-இல் பாரிஸில் சேன் நதியில் ஓட்டியது பேட்டரி அவுட்போர்டு. அதற்கும் முன்னே, 1838-இல், ரஷ்யாவில் நேவா நதியில் யாகோபி என்பவர் பத்துப் பன்னிரண்டு பேரை மின்சாரப் படகில் ஏற்றிப் போயிருக்கிறார், நடை வேகத்தில். பெட்ரோல்தான் பின்னால் வந்து இடத்தைப் பிடித்தது.

பிப்ரவரி 9

வாய் பேசியது போதும் என்று ஒரு வேலையில் இறங்கியிருக்கிறேன். ஐரோலிப் பக்கத்துக் கோலிவாடாவில் (மீனவர் குப்பம்) ஒரு மீனவ நண்பர், என் கடைக்கு இருபது வருஷமாக ஐஸ் மில் மோட்டார் கொண்டுவருபவர். அவரிடம் பதினான்கு அடி ஃபைபர் படகும் எட்டுக் குதிரைத்திறன் பெட்ரோல் இஞ்சினும் இருக்கின்றன. இன்னொரு செத்த அவுட்போர்டும் கிடந்தது. அதன் தலையைக் கழற்றிவிட்டுக் காலை மட்டும் வைத்துக்கொண்டேன். மேலே 48 வோல்ட், இரண்டு கிலோவாட் பிரஷ்லெஸ் மோட்டார். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, 100 ஆம்பியர்-அவர், அதாவது 4.8 யூனிட். சூடானால் சீக்கிரம் தீப்பிடிக்காத வகை என்பதால் இதையே எடுத்தேன். நார்வேயில் 2019-இல் ஒரு பேட்டரிப் படகில் குளிர்விக்கும் நீர் கசிந்து, தீ, மறுநாள் வெடிப்பு என்று படித்ததிலிருந்து கொஞ்சம் பயம்.

தண்டோடு மோட்டாரைச் சேர்க்கும் கப்ளிங்கைக் குர்லா பைப் ரோட்டில் கடைந்து வாங்கினேன். முதல் கப்ளிங் அரை மில்லிமீட்டர் ஆடியது. சுற்றவிட்டதும் மேஜையே நடந்தது.

பிப்ரவரி 16

தண்ணீரில் இறக்கினோம். நண்பர் ஆக்ஸிலேட்டரைத் திருகினார். சத்தமே இல்லை. “ஓடுகிறதா?” என்று கேட்டுவிட்டுக் கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். அதற்குள் கரை பத்தடி தள்ளிப் போயிருந்தது. சேற்றில் மேய்ந்துகொண்டிருந்த ஃபிளமிங்கோக்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை. பெட்ரோல் இஞ்சினுக்கு அரைக் கிலோமீட்டரிலேயே எழும்பிவிடும் என்றார்.

அளந்தது: மூன்று நாட்டுக்கு 850 வாட், நாலு நாட்டுக்கு இரண்டாயிரம். எட்டு மடங்கு என்று ஜனவரியில் எழுதினேனே, அந்த விகிதத்துக்கு அச்சாக ஒத்துப்போகிறது. ஒரே ஒரு நாட் ஆசைக்கு இரண்டு மடங்குக்கு மேல் கரண்ட்.

மார்ச் 3

நேற்று நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அமாவாசை கழிந்து மூன்றாம் நாள், பெரிய வற்றம். நண்பர் முதலிலேயே சொன்னார், “ஓஹோட்டி (வற்றம்) ஆரம்பித்துவிட்டது, அடுத்த ஞாயிறு போகலாம்.” நான்தான் கடையை மூடிவிட்டு வந்திருக்கிறேனே என்று இழுத்துக்கொண்டு போனேன். இரண்டரை மணிக்கு ஐரோலியிலிருந்து வாஷி பாலம் நோக்கி. வற்றம் பின்னால் தள்ளியது. போனில் பார்த்தால் ஆறரை நாட்! முழுத் திருகில் போய்க்கொண்டே இருந்தேன். நடுவில் நிறுத்தி, முடுக்கி, ஆம்பியர் குறித்து, போட்டோ எடுத்து ஒரு மணி நேரம் விளையாட்டு. பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் திரும்பினோம். பேட்டரியில் நாற்பது சதவீதம்.

திரும்பியதும் தெரிந்தது. படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நன்றாகத்தான் போகிறது. ஆனால் கரையோரத்து ஒற்றை மின்கம்பம் பத்து நிமிஷமாக எனக்கு நேராகவே நிற்கிறது. நாலு நாட்டில் போகிறேன், இரண்டரை நாட்டில் தண்ணீர் எதிரே வருகிறது. மிஞ்சுவது ஒன்றரை. அந்த வேகத்தில் ஐரோலிக்கு மூன்று மணி நேரம், பேட்டரி தாங்குவது ஒரு மணி நேரம். நடுவில் புரொப்பல்லரில் ஒரு பை சுற்றிக்கொண்டது. பெட்ரோலாக இருந்தால் இருமி நின்று சொல்லியிருக்கும். இது சத்தமில்லாமல் ஆம்பியரைக் குடித்துக்கொண்டே இருந்தது. மீட்டரைப் பார்த்திருக்காவிட்டால் தெரிந்தேயிருக்காது.

நண்பர் ஒன்றும் பேசாமல் எழுந்து, அலையாத்தி மரங்களின் ஓரத்தில் நங்கூரத்தைப் போட்டார். தண்ணீர் இறங்கி இருபக்கமும் சேறு எழுந்தது. கொசு. அவர் டிபன் டப்பாவில் கொண்டுவந்த பொம்பில் மீன் வறுவலைத் தின்றோம். இருட்டிய பிறகு, ஏழேகாலுக்கு மேல், ஏற்றம் திரும்பியது. அரைத் திருகில், தண்ணீரே தூக்கிக்கொண்டு போய்க் கரையில் விட்டது. இறங்கும்போது பதினொரு சதவீதம் மிச்சம்.

அவர் அப்பா காலத்தில் பாய் கட்டி ஓட்டியவர்கள் இப்படித்தான் போய் வந்தார்களாம். இரண்டு கிலோவாட் மோட்டார் என்னை அந்தக் காலத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

மார்ச் 5

“மெதுவாக வந்திருந்தால் பேட்டரி தாங்கியிருக்குமே?” என்று கேட்பவர்களுக்கு. எதிர் நீரோட்டத்தில் மெதுவாகப் போனால் மிச்சம் இல்லை, நின்ற இடத்திலேயே கரண்டைத் தின்போம். ரொம்ப வேகமாகப் போனாலும் நஷ்டம். சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏறுகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், தூரத்துக்கு மிகக் குறைந்த செலவு எப்போது என்றால், நீரோட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு வேகத்தில் போகும்போது. இரண்டரைக்கு மூன்றே முக்கால். கிட்டத்தட்ட அதைத்தான் ஓட்டினேன். ஆகவே தப்பு ஓட்டியதில் இல்லை, கிளம்பியதில்.

மார்ச் 16

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் போய்விட்டது. கழற்றிப் பார்த்தால் பேட்டரி வயரின் லக் (முனையில் மாட்டும் வளையம்) பச்சையாகப் பூத்திருக்கிறது, பழைய குத்துவிளக்கின் களிம்பு மாதிரி. ஒரு மாசம்தான் ஆகிறது! நகத்தால் சுரண்டினால் பொடியாக வந்தது. உள்ளே செம்பு இழைகள் ஒரு அங்குலத்துக்குக் கறுத்திருந்தன. அங்கே தடை கூடி, சூடு கூடி, சாலிடர் உருகிவிட்டது. 26 வருஷத் தொழில்காரன் வெறும் செம்பு வயரை உப்புக் காற்றில் விட்டிருக்கிறேன். இப்போது வெள்ளீயம் பூசிய வயர், உள்ளே பசை உள்ள சுருங்கு குழாய், மேலே கிரீஸ். காலில் துத்தநாகக் கட்டி ஒன்றையும் புதிதாக மாட்டியிருக்கிறேன், உப்புத் தண்ணீர் அலுமினியத்தை விட்டுவிட்டு முதலில் அதை அரிக்கட்டும்.

ஏப்ரல் 6

தூத்துக்குடியிலிருந்து பெரியப்பா மகன் இதையெல்லாம் படித்துவிட்டு போன் செய்தான். “அண்ணே, தங்கு கடலுக்குப் போற விசைப்படகுக்கு இது ஆகுமா?” ஆகாது தம்பி. வாரக்கணக்கில் கடலில் கிடந்து, இழுவலை இழுக்கிறவனுக்கு அந்த முப்பது மடங்கை எந்தக் கணக்கிலும் மறைக்க முடியாது. காலையில் போய் மதியம் வரும் சிறு படகுக்கு யோசிக்கலாம். அதற்கும், மீன் கூட்டம் கண்ட இடத்துக்கு விரட்டிப் போக வேண்டுமென்றால் கஷ்டம்தான். குறித்த நேரத்துக்குக் குறித்த தூரம் போய்வரும் படகுக்கு இது வரம். எங்கே போவோம் என்று கரையிலேயே தெரியாதவனுக்கு அல்ல.

அதனால்தான் எலிபெண்டா லாஞ்சைப் பற்றி என் எண்ணம் இன்னும் மாறவில்லை. மாறியது ஒன்றுதான்: மணிக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருந்த அந்த டிரைவரை நான் கணக்கில் சேர்க்கவில்லை. உப்பைத் துடைக்க, லக்கைப் பார்க்க, பேட்டரி அறையில் மூக்கை வைக்க ஒரு ஆள் எப்படியும் வேண்டும். அடுத்த முறை தண்டலிடம் சொல்ல வேண்டும்.

ஜூன் 8

மேற்குக் கடலில் மீன்பிடித் தடை ஜூன் 1-லிருந்து. படகைக் கவிழ்த்து தார்ப்பாய் போட்டாயிற்று. மோட்டார் என் கடை மேஜையில். நண்பர் எட்டுக் குதிரைத்திறன் பெட்ரோல் இஞ்சினை விற்கவில்லை. எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, பலகைக்கு அடியில் வைத்திருக்கிறார். வற்றத்துக்காம்.

பேட்டரியை அவர் வீட்டில் விட்டிருந்தேன். முதல் மழைக்கே அங்கே கரண்ட் போய்விட்டது. மகன் இன்வெர்ட்டரில் இணைத்து, இரண்டு ஃபேனும் மீன் வைக்கும் ஃபிரிட்ஜும் ஓட்டியிருக்கிறான். இப்போது வஹினி, அதாவது நண்பரின் மனைவி, அதைத் தர மாட்டேன் என்கிறார். நாரளி பௌர்ணமிக்குக் கடலில் தேங்காய் விட்ட மறுநாள் எடுத்துக்கொள்ளலாமாம், அதுவும் வேறு ஒன்று வாங்கிக் கொடுத்தால்.